வியர்வைக்கு வழி விடுங்கள்

மருத்துவக் கருவிகள் செய்யும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "சார், இந்த வியர்வையை எப்படி நிறுத்துறது?" நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி எலக்ட்ரோடு வேர்த்தால் கழன்றுவிடுகிறது, திரையில் கோடு அலைபாய்கிறது, அலாரம் அடிக்கிறது. வியர்வை மட்டும் வராமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

என் வேலைக்காலம் முழுவதும் தோலில் ஒட்டும் எலக்ட்ரோடுகளோடுதான் போயிற்று. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வியர்வையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நம் உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மே மாதத்துச் சென்னையில் வெயிலில் நடமாட முடியாது. ஏசி அறையில் அசையாமல் படுத்திருக்கும் நோயாளியின் தோலிலிருந்துகூட ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்கும் அதிகமான நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறது. அந்தத் தோலின் மேல் காற்றுப் புகாத வட்டம் ஒன்றை ஒட்டிவிட்டு, இரண்டு நாள் அப்படியே இரு என்கிறோம். உள்ளே வரும் நீர் எங்கே போகும்? இந்தக் கேள்வியில் தொடங்குகிறவர் நல்ல எலக்ட்ரோடு செய்வார். ஈரம் வராது என்ற நம்பிக்கையில் தொடங்குகிறவர் செய்தது ஏசி அறையோடு நின்றுவிடும்.

ஈரத்தைப் பகையாகப் பார்க்கும் நமக்கு ஒரு பழைய கதை நினைவிருக்க வேண்டும். இந்தத் துறையே உப்புத் தண்ணீரில் பிறந்தது. 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்துடிப்பை உடம்பின் மேலிருந்தே பதிவு செய்து காட்டினார். பின்னாளில் அவர் செய்துகாட்டிய சோதனைகளில் அவருடைய நாய் ஜிம்மி உப்புநீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்கும். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் கால் டன் எடையுள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டு, அதை இயக்க ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு, நோயாளியின் இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர் வாளிகளில் விடச் சொன்னார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் ஈசிஜி தாளில் லீட் 1, 2, 3 என்று அச்சாகிறதே, அவை அந்த வாளிகளில் இருந்த கைகளும் காலும்தான்.

ஏன் நனைத்தார்கள்? தோலின் மேல் பரப்பில் இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்தப் படலத்தின் கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். நாம் எழுதும் தாளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது காய்ந்திருந்தால் மின்சாரத்தை அனேகமாக விடாது. உப்புநீர் அதற்குள் ஊறினால்தான் வழி திறக்கும். எலக்ட்ரோடின் நடுவில் நாம் வைக்கும் ஜெல் செய்வதும் இதையேதான். ஆக, ஈரம் இல்லாமல் நமக்குப் பிழைப்பே இல்லை. எந்த ஈரம் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலை முழுவதும்.

கொஞ்சம் உள்ளே போகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். நல்ல எலக்ட்ரோடில் வெள்ளி இருக்கும், அதன் மேல் மெல்லிய வெள்ளிக் குளோரைடு, அதற்கும் மேல் உப்பு கலந்த ஜெல். இவை தொடும் இடத்தில் தானாகவே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. பாடநூல் கணக்கில் ஏறக்குறைய 220 மில்லிவோல்ட். இதயத் துடிப்பு தோலின் மேல் தருவது சுமார் 1 மில்லிவோல்ட். அளக்கும் பொருள், அளக்கப்படுவதைவிட இருநூறு மடங்கு உரக்கப் பேசுகிறது. அப்புறம் எப்படி அளக்கிறோம்? இரண்டு எலக்ட்ரோடுகளும் ஒரே அளவில் பேசினால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது இதயம்.

வியர்வை கெடுப்பது இந்தக் கணக்கைத்தான். ஒரு பக்கத்து ஜெல்லில் மட்டும் வியர்வை கலந்தால் அங்கே குளோரைடின் அடர்த்தி மாறுகிறது. பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். நடைமுறையில் அவ்வளவு மாறாது. ஆனால் இதயம் தருவதே 1 மில்லிவோல்ட் எனும்போது சிறிய மாற்றமே போதும், கோடு மேலும் கீழும் ஊரத் தொடங்கிவிடும். மெதுவாக ஊர்ந்தால் கருவி வடிகட்டிவிடும். சட்டென்று எகிறினால் அதற்கும் கைகொடுக்க வழியில்லை.

இதில் எனக்கு வேலையைத் தாண்டியும் ஒரு பாடம் கிடைத்தது. ஆளுக்கு ஆள் ஒரு சாய்வு இருக்கும். ஒருவர் எல்லா அளவையும் கொஞ்சம் கூட்டியே படிப்பார், ஒருவர் குறைத்தே படிப்பார். அது பெரிய குற்றமில்லை. இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருந்தால் அவரைக் கழித்துவிட்டு உண்மையைப் பார்த்துக்கொள்ளலாம். மேலாளர் பக்கத்தில் நிற்கிறார் என்று ஒரு மாதிரியும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டை யாராலும் கழிக்க முடியாது. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை நம்பி ஒரு பொருள் ஐசியுவுக்குப் போனால், அங்கே படுத்திருப்பவர்தான் அதன் விலையைக் கொடுப்பார்.

சரி, வியர்வைக்கு வருவோம். நெல் வயலுக்குத் தண்ணீர் வேண்டும், வடிகாலும் வேண்டும். வடியாத வயலில் பயிர் அழுகும். எலக்ட்ரோடிலும் நடுவில் ஜெல் இருக்கும் இடத்தில் நீர் நிற்க வேண்டும், சுற்றிலும் பசை இருக்கும் இடத்தில் நீர் வெளியேற வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சிறிய வட்டத்துக்குள் செய்வதில்தான் வடிவமைப்பவரின் திறமை முழுவதும் இருக்கிறது. எலக்ட்ரோடின் முதுகில் ஃபோம் வைத்தால் வெளியிலிருந்து தண்ணீர் புகாது, ஆனால் உள்ளே வேர்த்தது ஆவியாகவும் போகாது. நெய்யாத துணி வைத்தால் தோல் மூச்சு விடும், ஆனால் சலைன் சிந்தினாலோ ஈரத்துணியால் துடைத்தாலோ நனைந்துவிடும். மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஆவியை விட்டு நீரைத் தடுக்கும்; ஆனால் அது சுருண்டுகொள்ளும், கையுறை போட்ட விரலோடு மல்லுக்கட்டும். எதை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

பசையின் மென்மையும் முக்கியம். தோலை லென்ஸ் வைத்துப் பாருங்கள், முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகளாக இருக்கும். கெட்டியான பசை அந்தக் கோடுகளுக்கு மேலே பாலம் போட்டதுபோல உட்கார்ந்துவிடும். அடியில் வியர்வை வாய்க்கால் ஓடும். மென்மையான பசை கோடுகளுக்குள் இறங்கி அந்த வழியை அடைக்கும். ஆனால் அளவுக்கு மீறி மென்மையானால், கழற்றும்போது பாதி தோலிலேயே தங்கிவிடும். தானே ஒட்டும் ஜெல்லுக்கு வேறொரு கதை. அது வியர்வையைக் குடித்துக் குடித்து ஊதும், ஊத ஊத உள் வலு குறையும், கடைசியில் நெஞ்சில் வழுக்கிக்கொண்டு நிற்கும். இதே ஜெல் பிரித்துவைத்த பையில் கிடந்தால் காய்ந்துபோய் உதவாது. பைக்குள் காயக் கூடாது, நெஞ்சில் மூழ்கக் கூடாது.

நான் மிகவும் பயப்படும் பழுது இதுவெல்லாம் இல்லை. இப்போது ஒரே பட்டையில் இரண்டு எலக்ட்ரோடுகளை நெருக்கமாக வைத்துச் சின்னதாகச் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வியர்வை ஒரு படலமாகப் படிந்தால், உப்புநீர் இரண்டையும் இணைத்துவிடும். எலக்ட்ரோடு கழன்றால் கருவி கத்தி ஊரைக் கூட்டிவிடும். இப்படி இணைந்துவிட்டால் கத்தாது. துடிப்பு சிறுத்த ஒரு கோடு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் அதை இதயத்தின் நிலை என்று நம்பிவிடுவார். அதனால்தான் ஒவ்வொன்றைச் சுற்றியும் பசையால் முழு வரப்பு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். சத்தம் போட்டுக் கெடும் பொருளை எளிதில் சரிசெய்யலாம். கெட்டுப்போனதை மறைத்துக்கொண்டு ஓடும் பொருளைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் மூளையெல்லாம் தேவை.

அடுத்ததாகச் சான்றிதழைப் பற்றி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஈசிஜி எலக்ட்ரோடுகளுக்கு உலகம் முழுவதும் மதிக்கும் அமெரிக்கத் தரநிலை ஒன்று உண்டு. 10 ஹெர்ட்ஸில் சராசரி மின்மறுப்பு 2 கிலோ ஓமுக்கு மேல் போகக் கூடாது, தானாக உண்டாகும் வித்தியாசம் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, டிஃபிப்ரிலேட்டர் அதிர்ச்சிக்குப் பிறகு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல தரநிலை, கட்டாயம் தேற வேண்டும். ஆனால் அந்த அளவுகளை எடுக்கும்போது இரண்டு எலக்ட்ரோடுகளை எதிரெதிரே, ஜெல்லோடு ஜெல் ஒட்டிவைத்து அளக்கிறார்கள். அங்கே தோலே கிடையாது. பசையின் பிடிப்பைச் சோதிக்கும் வழக்கமான முறையோ பளபளப்பான எஃகுத் தகட்டில் ஒட்டி உரிப்பது. எஃகுக்கு வேர்ப்பதில்லை, முடி முளைப்பதில்லை, அது புரண்டு படுப்பதில்லை. தேறிவிட்டோம் என்ற தாளோடு திருப்திப்பட்டு உட்காராதீர்கள். தேர்வு உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று பார்க்கப் பழகுங்கள். படிப்பை முடித்துவிட்டு வெளியே வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வேன்.

அந்தக் கேள்விகளுக்கு விடை வார்டில் இருக்கிறது. மின்விசிறி மட்டும் சுற்றும் ஒரு பொது வார்டில், கத்திரி வெயில் மதியத்தில், வயதான சிஸ்டர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டிலில் ஒரு பெரியவர், நெஞ்செல்லாம் வியர்வை. சிஸ்டர் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் ஒற்றினார், பிறகு காஸ் துணியை மடித்து, ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று தரம் தேய்த்தார். ஸ்பிரிட் போடவில்லையா என்று கேட்டேன். "போடலாம் சார், ஆனா காயற வரைக்கும் நிக்கணும். காயாம ஒட்டினா பசை பிடிக்காது. தாத்தாவுக்குத் தோல் வேற வறண்டு கெடக்கு."

எலக்ட்ரோடை வைத்ததும் அவருடைய கட்டைவிரல் நடுவுக்குப் போகவில்லை. ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டமாக அழுத்திக்கொண்டே போனது. "நடுவுல அமுக்கினா ஜெல் பிதுங்கிப் பசைக்குள்ள போயிடும் சார். அப்புறம் அந்த ஓரம் எங்கே நிக்கும்?" கடைசியாக லீட் ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றின் மேல் மைக்ரோபோர் பிளாஸ்டரை ஒட்டினார். பெரியவர் புரண்டு படுத்தால் ஒயர் இழுக்கும். அந்த இழுப்பு எலக்ட்ரோடுக்குப் போகாமல் பிளாஸ்டரோடு நின்றுவிடும். "தாத்தா, இப்ப நல்லாத் திரும்பிப் படுங்க" என்றார். அவர் திரும்பினார். கோடு அசையவில்லை.

அந்தக் கை செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் அறிவியல் இருக்கிறது. தோலை இழுத்தாலே அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட் வரை மாறும். இதயம் தருவதைப்போல் ஐந்து மடங்கு. மேற்படலத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் வெப்ஸ்டரும் அவருடைய சகாவும் 1977-இல் எழுதினார்கள். காஸ் துணியை மடித்துத் தேய்த்ததும் அதற்குத்தான். பிரஸ் பட்டனை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வைத்த எலக்ட்ரோடுகள் கடைகளில் கிடைக்கின்றன; ஒயரின் இழுப்பு ஜெல்லை எட்டக் கூடாது என்பதே அதன் காரணம். சிஸ்டர் பிளாஸ்டரால் செய்ததை அங்கே வடிவத்திலேயே செய்திருக்கிறார்கள். வார்டுக்குப் போகும்போது நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். பேசுவதைக் குறையுங்கள். நம் பொருளின் குறையை மறைக்க அவர்கள் கூடுதலாக ஒரு பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள் என்றால், அடுத்த வடிவத்தில் அந்த பிளாஸ்டருக்கு வேலை இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மரியா க்வாச் என்ற நர்ஸ் தம் சகாக்களோடு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. மானிட்டர்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் யாருடைய காதும் அதை வாங்காது. உண்மையான ஆபத்தும் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். அவர்கள் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. எலக்ட்ரோடுகளை நாள்தோறும் மாற்றினார்கள், தோலைச் சுத்தம் செய்து ஒட்டினார்கள். ஒரு படுக்கைக்கு அடிக்கும் அலாரங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. 2013-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சலிப்பூட்டும் ஒரு சின்ன வேலையைத் தவறாமல் செய்ததில் கிடைத்த பலன் அது. மென்பொருளால் அலாரத்தைக் குறைக்கப் புறப்படுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

புது ஆராய்ச்சிகளை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றைப் படிக்கும்போது இந்த வயதிலும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அலையடிக்கும் பாறையில் ஒட்டி வாழும் மட்டியின் பசையையும் பல்லியின் கால்நுனியையும் சேர்த்து, ஈரத்திலும் ஒட்டிப் பிரியும் ஒரு பொருளை 2007-இல் ஃபிலிப் மெசர்ஸ்மித் குழுவினர் செய்தார்கள். 2017-இல் கொரியாவில் ஆக்டோபஸின் உறிஞ்சு குழிகளைப் பார்த்து, தண்ணீருக்குள்ளும் பிடிக்கும் பட்டை ஒன்றைச் செய்தார்கள். அதே ஆண்டு டோக்கியோவில் தக்காவோ சோமேயா குழுவினர் தங்க இழைகளை வலைபோல ஆக்கித் தோலில் படியவைத்தார்கள். அடியில் தாங்கி நிற்கும் இழைகள் தண்ணீர் தெளித்தால் கரைந்துவிடும், வலை மட்டும் தங்கும், அதன் கண்களின் வழியே தோல் காற்று வாங்கும்.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது 2021-இல் எம்ஐடியில் ஜீவான் கிம் குழு செய்தது. அவர்கள் பட்டையில் துளைகள் போட்டார்கள். தோலின் வியர்வைத் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி போட்டார்கள். ஒட்டிக்கொண்டவரை ஓடவிட்டார்கள், காரமான சாப்பாடு கொடுத்தார்கள், வேர்க்கட்டும் என்று. எவ்வளவு சரியான சோதனை! தோலைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கட்டுரையைப் படித்து உற்சாகப்படும் பிள்ளைகளிடம் நான் இன்னும் இரண்டு கேள்விகளைத் தருவேன். இதை லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்ய முடியுமா? கோடையில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த பிறகும் ஒட்டுமா? சின்ன ஊர் மருத்துவமனை வாங்கும் விலைக்கு வந்தால்தான் அது நம் நோயாளியை வந்து சேரும்.

பசை எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் இளம் வயதில் வரும். அதைக் கரைக்க, குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும். பல வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, நான் சொன்னேனே, அந்த மேற்படலம் சரியாக உருவாகியே இருக்காது. அதன் உடம்பிலிருந்து நீர் வேகமாகப் போய்விடும் என்பதால் இன்குபேட்டருக்குள் ஈரப்பதத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறார்கள். அந்த ஈரத்தில் எலக்ட்ரோடு நிற்கவும் வேண்டும், எடுக்கும்போது தோல் கூடவே வந்துவிடவும் கூடாது. நம் உள்ளங்கை அளவுகூட இல்லாத நெஞ்சு அது. முதியவர்களுக்கும் அப்படித்தான், மேல்தோலும் அடித்தோலும் பிணைந்திருக்கும் பிடிப்பு வயதாக ஆகத் தளர்ந்துவிடும், வெடுக்கென்று இழுத்தால் கிழியும். சிலிக்கோன் பசைகள் இங்கே கைகொடுக்கின்றன, ஆனால் விலை அதிகம். எந்தப் பசையாக இருந்தாலும் ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தை மடித்து, தோலோடு ஒட்டினாற்போல மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இதைச் செய்வதற்கு விரல் பிடிக்க ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு வரைபடத்தில் இல்லையென்றால் அந்த வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.

ஒட்டுவதைவிட வலிக்காமல் பிரிவதுதான் கடினம் என்பதை நான் மனிதர்களிடத்திலும் பார்த்திருக்கிறேன். வேலையில் சேரும்போது எல்லோரும் நன்றாகத்தான் சேர்கிறார்கள். விட்டுப் போகும்போது எழுதிவைத்த குறிப்புகளை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, கற்றுக்கொடுத்தவர்களிடம் நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் அடுத்தவர் வலியில்லாமல் உட்காருகிறார்.

இனி உங்கள் முறை. நீங்கள் செய்த எலக்ட்ரோடு தயாரானதும், ஆய்வகத்துக் கருவியில் மாட்டுவதற்கு முன்னால் உங்கள் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரையுங்கள், நகர்ந்ததா என்று பிறகு தெரியும். அதோடு பஸ்ஸில் போங்கள், மாடி ஏறுங்கள், குளியுங்கள், தூங்குங்கள். அரிக்கத் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். கழற்றியதும் தோலை லென்ஸில் பாருங்கள்: ஊறி வெளுத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா, பசை மிச்சம் இருக்கிறதா? எலக்ட்ரோடைத் திருப்பி, ஜெல் பசைக்குள் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பிரிந்தது மேல் ஓரமா, கீழ் ஓரமா, ஒயர் பக்கமா என்று படம் வரைந்து குறித்துவிட்டு, தோல் ஆற நேரம் கொடுத்து, அந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி அடுத்ததை ஒட்டுங்கள்.